வரிசையின் கடைசிக் கதவு

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முகவரியைத் தபால்காரரிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். உங்கள் வீட்டுக்கு வரும் தபாலை எங்கே திருப்பி அனுப்புகிறார் என்று கேட்டேன். "சங்கத்து ஆளு நீங்க, நான் சொல்லக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். சொல்லிவிட்டு ஓர் உறையை என் பக்கம் திருப்பிப் பிடித்தபடி தன் மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். நான் படித்துக்கொண்டேன். போன் செய்தால் நீ கட் செய்துவிடுவாய். கடிதமென்றால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும்.

அண்ணிக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் முழுக்க விட்டதா?

இங்கே ஆலையில் கண்ணாடி உலை பழையபடி எரிகிறது. உன் இடத்தில், மூன்றாம் நம்பர் அச்சு மெஷினில், வேறொருவர் நிற்கிறார். பாட்டில் கழுத்து கோணலாக வருகிறது என்று தினமும் திட்டு வாங்குகிறார். எங்கள் பிரிவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. விளக்குக்கு முன்னால் நாள் முழுக்க பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் கீறல் பார்க்கிறோம் அல்லவா? இனி மணிக்குப் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காரலாம் என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கிவிட்டோம். முதல் நாள் ஒருத்தியும் கண்ணை மூடவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சுமை ஏற்றும் ஒப்பந்த ஆட்களையும் சங்கத்தில் சேர்த்தாயிற்று. அவர்களுக்கு வேலைநிறுத்தச் செய்தி போகும் கதவு வரிசையைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை இணைச்செயலாளர் என்ற முறையில் என்னிடம் கொடுத்தார்கள். சொன்னேன். போனை நம்பக்கூடாது, பேப்பரை நம்பக்கூடாது, ஆலைச் சங்கு ஊதினாலும் நம்பக்கூடாது. முன்பு ஒரு வேலைநிறுத்தத்தில் நிர்வாகமே பொய்யாகச் சங்கு ஊதி நாற்பது பேரை உள்ளே இழுத்துக்கொண்டது. அதனால் வரிசையில் முந்திய வீட்டு உறுப்பினர் நேரில் வந்து மூன்று முறை கதவைத் தட்டிச் சொன்னால்தான் செய்தி. கேட்டவர் போய் அடுத்த கதவைத் தட்ட வேண்டும். கடைசி வீட்டுக்காரர் சங்க ஆபீசுக்கு வந்து நோட்டில் தன் பெயருக்கு நேரே 'வந்தது' என்று எழுத வேண்டும்.

ஒருவர் எழுந்து கேட்டார். "அந்தக் கடைசி வீட்டுக்காரரு வரலைன்னா?"

நான் தண்ணீர் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அண்ணா, சங்க விசாரணையில் தலைவர் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வேலைநிறுத்தம் முடிந்த பிறகு மூன்று நாள் நீ வராததால் ஆலையில் உன் பெயரை எடுத்துவிட்டார்கள். முடிந்த செய்தி உனக்கு வந்ததா, இல்லையா? "வந்துச்சு, நான்தான் போகல" என்றாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உன் தங்கை

மே 27

தங்கைக்கு,

கிழிக்கத்தான் போனேன். உன் அண்ணி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் காய்ச்சல் பதினொரு நாள் இருந்தது, போய்விட்டது. கேட்க வேண்டிய நாளில் நீ கேட்டிருக்கலாம்.

பதினாறு வருடம் உலைக்கு முன்னால் நின்று வெந்தவனுக்கு இப்போது குளிர் கிடங்கில் வேலை. பழப்பெட்டிகளை அடுக்க வேண்டும். மூன்று பேருக்கு இரண்டு கோட்டு. ஒருவர் வெளியே வந்து கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவர் உள்ளே போகலாம். கழற்றிய கோட்டில் அவருடைய வியர்வை பனியாக உறைந்திருக்கும். மாட்டிக்கொண்டு போகிறேன். வெளியே வந்ததும் விரல்கள் பத்தும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பத்து நிமிடக் கண் மூடலுக்கு வாழ்த்துகள். சங்கத்துச் செய்திகளை எனக்கு எழுத வேண்டாம். நான் இப்போது சங்கத்தில் இல்லை.

விசாரணையில் நான் சொன்னது புரியவில்லை என்கிறாய். பாட்டிலில் முடியளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறாய் என்றுதானே ஆலையில் உனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். இதையும் கண்டுபிடி.

அண்ணன்

ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே நீ வேண்டாம் என்றதைத்தானே செய்திருக்கிறேன்.

போன வாரம் கால்வாய் உடைத்துக்கொண்டு கீழ்த்தெரு முழுக்கத் தண்ணீர். நீங்கள் இருந்த வீட்டில் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. சங்கக் கூடத்தைத் திறந்துவிட்டோம். ஆலையில் வேலை செய்கிறவர், செய்யாதவர் என்று பார்க்கவில்லை. அறுபத்து மூன்று குடும்பங்கள் ஆறு நாள் தங்கின. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்கவைத்தோம். உலைக்காரர்கள் ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கே வந்து ஈரத் துணிகளைப் பிழிந்து கொடுத்தார்கள்.

வேலைநிறுத்தத்தின்போது சமைத்த அதே அண்டாக்களைத்தான் கீழே இறக்கினோம். பாத்திரம் கழுவுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். தலைவர் கேட்கவில்லை. "உன் கைக்குத்தான் அளவு தெரியும்" என்று கரண்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். அளவு தெரிந்த கை என்று அவர் சொன்னபோது எனக்கு எங்கேயாவது போய் முகத்தை ஒளித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இரண்டாம் நாள் ஒரு பெண் வந்து, "அவருக்கு நடக்க முடியல, இன்னொரு கரண்டி போடுங்க" என்றாள். என் தலைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்கியது. 'நேரில் வருபவருக்கு மட்டும்.' மார்ச் மாதம் நானே எழுதி மாட்டியது. யாரும் கழற்றவில்லை. நான் அவளுக்கு இரண்டு கரண்டி போட்டேன். அப்புறம் ஸ்டூலில் ஏறி அந்த அட்டையைக் கழற்றி அடுப்பில் வைத்தேன்.

அண்ணா, வேலைநிறுத்தத்தில் அன்றைக்குச் சாப்பாட்டு வரிசையில் நீ கேட்டதும் இன்னொரு கரண்டிதான். நூறு பேருக்கு முன்னால், "சங்கத்துல அண்ணன் தம்பியெல்லாம் கிடையாது, ஆளு நேர்ல வரட்டும்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ உன் தட்டையும் அண்டாவிலேயே கவிழ்த்துவிட்டுப் போனாய். நான் அதைக் கிளறி அடுத்தவருக்குப் பரிமாறினேன். அண்ணி நாலு நாளாகப் படுத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கும் வெட்கமாக இருக்கிறது. நாலு வீடு தள்ளி இருந்தவள்தானே நான்.

இதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று இருக்கிறது. அதை எழுத இன்று தைரியம் இல்லை.

தங்கை

செப்டம்பர் 2

தங்கைக்கு,

நீ ஒன்றைச் சொன்னதால் நானும் ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு வரிசையில், வீட்டில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லவே இல்லை. "இன்னொரு கரண்டி போடு" என்று அதட்டினேன். தங்கச்சிதானே, சொன்னால் போடுவாள் என்ற நினைப்பு. காரணம் சொல்லிக் கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. நீயும் அத்தனை பேருக்கு முன்னால் வளைந்துகொடுக்க முடியாத இடத்தில் இருந்தாய். ஆக, கரண்டி விஷயத்தில் பாதி என்னுடையது. உன் அண்ணியும் "போதும் விடுங்க, எனக்குத்தானே காய்ச்சல், நானே மறந்துட்டேன்" என்கிறாள்.

நம் வீட்டில் ஜன்னல்வரை தண்ணீர் என்று படித்ததும் அவள் கைவேலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அறுபத்து மூன்று குடும்பங்கள் என்பதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

இங்கே கோட்டு விஷயமாக மேற்பார்வையாளரிடம் லேசாகக் கேட்டுப் பார்த்தேன். நான் எதையும் ஆரம்பிக்கவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். "உலைக்காரனுக்கு உடம்புலேயே சூடு இருக்குமே" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இன்னொன்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எழுதினால் எழுது.

அண்ணன்

நவம்பர் 14

அண்ணாவுக்கு,

நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதை எப்படி இருந்தாலும் அனுப்பிவிடுவேன்.

பிப்ரவரியில் பொதுக்குழு. சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதி வாசிக்கும் வேலை என்னுடையது. எழுத நிறைய இருக்கிறது. கண் ஓய்வு, ஒப்பந்த ஆட்கள், வெள்ளம், உலை அருகே புது மின்விசிறிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக மாலையில் கூடத்தில் போட்ட விளக்குகள். செயற்குழுவில் வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் சந்தோஷம். தலைவர் கிரேன் ஓட்டுகிறவர் அல்லவா, எதையும் மேலேயிருந்து பார்த்துத்தான் பேசுவார். "ஒரு வரி விட்டுப்போச்சே" என்றார். அவரே சொல்லி என்னை எழுதவைத்தார். 'இந்த வேலைநிறுத்தத்தால் ஒருவர்கூட வேலை இழக்கவில்லை.'

நீ கணக்கில் வரமாட்டாய். உன் வேலை போனது வேலைநிறுத்தத்தால் அல்ல. செய்தி தெரிந்தும் நீ வராததால். அப்படித்தான் எல்லோரும் நம்புகிறார்கள். என் கையெழுத்தில் அந்த வரி மேசை டிராயரில் இருக்கிறது.

மார்ச் 9 சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். நம் கதவு வரிசையில் உறுப்பினர் வீடு ஆறு. ஐந்தாவது நான், ஆறாவது நீ. வேலைநிறுத்தம் முடிந்தது என்று என் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு உன் தெருமுனைவரை வந்தேன். நீ வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். நீ எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். என்னைப் பார்த்துவிட்டுச் சாத்தினாயா, பார்க்காமலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூடிய கதவைப் பார்த்ததும் அண்டாவில் கவிழ்த்த தட்டுதான் ஞாபகம் வந்தது. இவன் காலில் போய் நான் விழ வேண்டுமா என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன்.

நேராகச் சங்க ஆபீசுக்குப் போனேன். நோட்டை நீட்டினார்கள். ஆறாவது வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். "சொல்லியாச்சு, கோவத்துல இருக்காரு, வரமாட்டாரு" என்றேன். சமையல் வரிசையில் நடந்ததைப் பார்த்தவர்கள்தானே, நம்பிவிட்டார்கள். உன் பெயருக்கு நேரே 'வந்தது' என்று நானே எழுதினேன்.

காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் சங்கு ஊதியது. அதைக் கேட்டு எப்படியும் வந்துவிடுவான் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், வீம்பு பிடிக்கிறான், பிடிக்கட்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து உன்னிடம் ஓடிவர வெளியே வந்தால், உன்னை நீக்கியதாக நோட்டீஸ் பலகையில் போட்டிருந்தார்கள்.

வேலைநிறுத்தத்தை முடித்த ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு இருக்கிறது. செய்தி கிடைக்காததால்தான் ஓர் உறுப்பினர் வரவில்லை என்று சங்கம் ஒரு வருடத்துக்குள் நிரூபித்தால் அவரைத் திரும்ப எடுக்க வேண்டும். மார்ச் 9 கடைசி நாள். இதை நான் முதல் நாளிலிருந்து அறிவேன். இத்தனை மாதம் சும்மா இருந்தேன். பதவி போய்விடும் என்ற பயம்தான். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

பொதுக்குழுவில் சொல்லப்போகிறேன். நீ விசாரணையில் ஏன் 'வந்துச்சு' என்றாய் என்பதை மட்டும் எனக்குச் சொல். என்னைக் காப்பாற்றவா?

தங்கை

டிசம்பர் 9

தங்கைக்கு,

உன்னைக் காப்பாற்றவா? அவ்வளவு நல்லவன் இல்லை நான்.

உன்னைப் பார்த்தேன். தெருமுனையில், அந்த நீல நிறப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாய். பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன், பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். தட்டட்டும், மூன்று தடவை தட்டவைத்து அப்புறம் திறக்கலாம் என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். கை தாழ்ப்பாளில் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று உன் அண்ணியைக் கேள்.

மறுநாள் காலையில் சங்கு ஊதியது. பன்னிரண்டு நாள் ஊதாத சங்கு. கூடவே உலைப் புகைபோக்கியில் புகை. புகையைப் பொய்யாக விட முடியாது. முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "போய்ட்டு வாங்களேன்" என்றாள் உன் அண்ணி. கதவைத் தட்டாமல் போகக்கூடாது, சங்கத்தின் விதி என்றேன். இரண்டாம் நாளும் ஊதியது. மூன்றாம் நாளும். மூன்று நாளும் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேலை வேண்டியிருக்கவில்லை. நீ வந்து தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

விசாரணையில் எதிரே நீ உட்கார்ந்திருந்தாய். நோட்டைக் காட்டினார்கள். 'வந்தது' என்பதில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். வரவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் பதவி போயிருக்கும், எனக்கு வேலை கிடைத்திருக்கும். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. நான் 'வந்துச்சு' என்று சொல்லிவிட்டால் வாழ்நாள் முழுக்க நீ என் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் சொன்னேன். இதில் உன் அண்ணியையும் குழந்தையையும் தெருவில் நிறுத்தினேன் என்பது ஊரை விட்டு ரயில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

ஆகவே பொதுக்குழுவில் ஒன்றும் சொல்லாதே. நீ சொன்னால் நான் பாவம் செய்யாதவன் ஆகிவிடுவேன். அந்த வேஷம் எனக்கு வேண்டாம். அந்த வரியை அப்படியே வாசித்துவிட்டுப் போ.

அண்ணன்

ஜனவரி 4

அண்ணாவுக்கு,

பத்து மாதம். பத்து மாதம் நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன், நீ அங்கே பழப்பெட்டி அடுக்கிக்கொண்டு அதை நினைத்துக் குளிர்காய்ந்திருக்கிறாய். படித்ததும் உன் கடிதத்தைக் கசக்கித் தூக்கிப் போட்டேன். அப்புறம் எடுத்து நீவி வைத்தேன்.

நான் சொல்வதும் சொல்லாததும் என் இஷ்டம். நீ எனக்கு அண்ணன்தான், சங்கத்துக்கு இல்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள். சங்க வக்கீலிடம் யாரோ ஓர் உறுப்பினர் என்று பெயர் சொல்லாமல் விசாரித்தேன். நான் மட்டும் ஒப்புக்கொண்டால் செல்லாதாம். விசாரணையில் நீ சொன்னது பதிவில் இருக்கிறது. நான் எழுதிய 'வந்தது', நீ சொன்ன 'வந்துச்சு', இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நான் என்னுடையதை எடுத்துவிடுவேன். உன்னுடையதை நீதான் எடுக்க வேண்டும்.

தங்கை

பிப்ரவரி 10

தங்கைக்கு,

இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

கோட்டு விஷயம் முற்றிவிட்டது. போன மாதம் ஒருவருக்கு இரண்டு விரல் நுனிகள் கறுத்துப்போயின. ஆளுக்கு ஒரு கோட்டு வரும்வரை யாரும் உள்ளே போவதில்லை என்று பதினெட்டு பேர் பேசி முடிவெடுத்தோம். எந்த நாள் என்பதை மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எப்படி என்று என்னைக் கேட்டார்கள். கதவு வரிசையைச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

என் பங்குக்கு ஒரு வீடு வந்தது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, அப்படி ஓர் ஆள். 'உலைக்காரனுக்கு உடம்புலேயே சூடு' என்று மேற்பார்வையாளர் சொன்னபோது எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன். அவன் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறிவிட்டேன். உள்ளே யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். இவனிடம் போய்ச் சொல்ல வேண்டுமா, நாளைக்கு எல்லோரும் வெளியே நிற்பதைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. இறங்கிவிட்டேன். தெருவுக்கு வந்து பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்தேன். எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. அந்த டீக் கிளாஸோடு நின்றபோதுதான் உன்னை முதல்முதலாகப் புரிந்துகொண்டேன்.

ஆனால் நான் திரும்பிப் போனேன். தட்டினேன். "என்னடா?" என்று திறந்தான். சொன்னேன். அவனும் அடுத்த கதவுக்குப் போனான். மறுநாள் பதினெட்டு பேரும் வெளியே நின்றோம். மூன்றாம் நாள் கோட்டு வந்துவிட்டது.

நான் திரும்பிப் போனேன். நீ ஏன் வரவில்லை? பழிக்காகக் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் அவ்வளவு நேரம் நின்றேன்.

அண்ணன்

பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானூறு பேருக்கு முன்னால் அதையேதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. ஆண்டறிக்கையை எழுந்து நின்று வாசித்தேன். கண் ஓய்வுக்குக் கைதட்டினார்கள், வெள்ளத்துக்கு ரொம்ப நேரம் கைதட்டினார்கள். அந்த வரிக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். "இந்த வரி பொய். எழுதினது நான். பொய்யாக்கினதும் நான்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது உன்னுடையது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. என் பக்கத்து மேசையில் பாட்டில் பார்ப்பவள் மெதுவாக எழுந்து, "அப்போ நோட்டுல வேற யாரு பேருக்காவது நீங்களே எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்புவதா வேண்டாமா என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அடுத்து சுமை ஏற்றும் அந்த ஆள் எழுந்தார். "கடைசி வீட்டுக்காரரு வரலைன்னா என்னன்னு அன்னைக்கே கேட்டனே, தண்ணி குடிச்சிட்டுப் போய்ட்டீங்களே" என்றார்.

என்னைப் பதவியிலிருந்து எடுக்கலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். பதவி போயிற்று.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். தலைவர் அந்த நோட்டை எடுத்துவந்தார். உன் பெயருக்கு நேரே இருந்த என் 'வந்தது' மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். "சரி, போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினேன். "எங்க போற? வரிசை இன்னும் முடியலம்மா. ஆறாவது வீடு அப்படியே நிக்குது. போய் முடிச்சிட்டு வா" என்றார். கேலி செய்கிறார் என்று பார்த்தேன். இல்லை. நோட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். அண்ணியிடம் சாப்பாடெல்லாம் வேண்டாம் என்று சொல். நீ வாசலில் உட்கார்ந்திருந்து, என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலும் சரி. நான் தட்டுவேன்.

தங்கை

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நீ ரயிலேறி இரண்டு மணி நேரம் இருக்கும். நீ இருந்தபோது எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நாளை காலை முதல் தபாலில் சேர்த்துவிடுவேன். ஒன்பதாம் தேதிக்குள் உன் கையில் இருக்கும்.

கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள் உன் அண்ணி. நான்தான் சாத்தினேன். திறந்த கதவைத் தட்டினால் வரிசையில் சேராது. சாத்தியிருந்த கதவைப் பார்த்து நீ என்ன நினைத்தாயோ, படியில் உன் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது. அப்புறம் தட்டினாய்.

திறந்தால் நின்றபடி அழுகிறாய். நான் என்ன செய்ய முடியும்? "செய்தியச் சொல்லு" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாய். "வேலைநிறுத்தம் முடிஞ்சுது. நாளைக்குக் காலையில எல்லாரும் வேலைக்குப் போகலாம்." உன் அண்ணி உள்ளேயிருந்து, "ஆறு நாள் போனா ஒரு வருஷம், ரொம்ப சீக்கிரம் வந்துட்டே" என்றாள். அதற்கு நீ சிரித்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதோடு இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். பெரியது வக்கீலுக்கு. விசாரணையில் நான் சொன்னது பொய், செய்தி எனக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். உன்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியதையும், சங்கை மூன்று நாளும் கேட்டதையும், புகையைப் பார்த்ததையும் எழுதிவிட்டேன். அதையெல்லாம் எடுத்துவிடு என்று வக்கீல் சொல்வார். எடுக்காதே. அதனால் வேலை கிடைக்காமல் போகலாம். போகட்டும். இனியும் ஒரு பொய்யை உன் தலையில் வைத்து அனுப்ப எனக்கு மனம் இல்லை. கிடைத்தால் வருவாயா என்று கேட்டாய். எனக்கு இன்னும் தெரியவில்லை. வந்தாலும் நீயும் நானும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துப் பேச நாளாகும்.

ஒரு வருடம் உன்னை அப்படி விட்டுவைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீ சாப்பிடும்போது முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டேன். இப்போது கேட்கிறேன்.

சின்னத் தாள் தலைவரிடம் கொடுக்க. நோட்டில் அவர் போட்ட சிவப்பு மைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல். என் கையெழுத்துத்தான் என்று நீ சொன்னால் இப்போது நம்பமாட்டார்கள், அதனால் பெருவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன்.

ஆறாவது வீடு. வந்தது.

அண்ணன்